பிரிக்காத கட்டு

உடன்குடி
6 ஜனவரி 2025

அன்புள்ள பிளாரன்ஸ் அக்காவுக்கு,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். ஆபீஸ் மெயிலில் இதையெல்லாம் எழுத முடியாது. வேறு யாருடைய வாட்ஸ்அப்பிலாவது அனுப்பினால் சாயங்காலத்துக்குள் ஸ்கிரீன்ஷாட் எல்லா ஆசிரியர் குரூப்பிலும் சுற்றும். அதனால்தான் தபால். கையால் எழுதியே பல வருஷம் ஆகிறது, கட்டைவிரல் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "எட்டு வருஷம் என் பக்கத்து வகுப்புல பாடம் நடத்துனவ நீ, உனக்கே இது சரின்னு படுதா?" என்று கேட்டீர்கள். நான் "உட்காருங்க டீச்சர்" என்றேன். அக்கா என்று கூப்பிட்ட வாயால் டீச்சர் என்று சொன்னதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை என்று கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் இருந்த இனிகோ சார் சொன்னார். வேறு என்ன சொல்ல? என் பக்கத்தில் மாவட்ட அதிகாரி உட்கார்ந்திருந்தார். நான் இப்போது வட்டாரக் கல்வி அலுவலர். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அக்கா என்று கூப்பிட முடியுமா?

உத்தரவை நான் போடவில்லை. பிப்ரவரி 20 அன்று ஐந்தாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு. பிள்ளைகளின் சராசரி பாதிக்குக் கீழே போகிற சின்னப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். சிப்பித்துறைக்குப் பக்கத்துப் பள்ளி ஹைவேக்கு அந்தப் பக்கம், உப்பு லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டி. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் தாண்டமாட்டார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், மார்க் வரவேண்டும். இந்த மாதம் முழுக்கப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, தாளில் வட்டம் நிரப்பும் பயிற்சி மட்டும் கொடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள்
ப்ரியா


சிப்பித்துறை
11 ஜனவரி 2025

ப்ரியா,

மேடம்னு போடவா வேண்டாமான்னு பேனாவ வச்சுக்கிட்டு யோசிச்சேன். சவத்த விடுன்னு பேரையே எழுதிட்டேன். பிடிக்கலன்னா அதுக்கும் ஒரு மெமோ அனுப்பு.

நீ அனுப்புன மாதிரி வினாத்தாள் வந்துச்சு. "கடலின் நிறம் என்ன?" கீழ நாலு வட்டம். வகுப்புல எல்லாரும் நீலத்தக் கறுப்பாக்கிட்டாங்க. ஜெமிமா மட்டும் எந்திரிச்சு, "எப்பம் டீச்சர்?"னு கேட்டா. காலையிலயா மத்தியானமா, மழை பெஞ்சு கலங்குன பெறகான்னு அவளுக்குத் தெரியணுமாம். நாலையும் விட்டுட்டு வெறுந்தாளக் குடுத்தா. பூஜ்யம்.

ஜெமிமாவ உனக்குத் தெரியாது, நீ ஆபீசரா போன பெறகு வந்தவ. அவ அம்மா ஸ்டெபி ஆறுமுகநேரி உப்பளத்துல கெடந்துட்டு போன வருஷந்தான் ஊர் திரும்புனா. பிள்ள அதுவரைக்கும் ஒழுங்கா எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இருந்ததில்ல. நாலாம் வகுப்புல வந்து உக்காந்தப்போ "அ" எதுன்னு தெரியாது. இப்பம் விரல வச்சு, எழுத்துக் கூட்டி, ஒரு பக்கம் வாசிச்சிருதா. அதுல எனக்கு இருக்குற பெருமை, ஏளா, எனக்கு நல்லாசிரியர் விருது குடுத்தாக்கூட வராது.

இந்த நேரத்துல வாசிப்ப நிறுத்திட்டு வட்டத்தக் கறுப்பாக்கச் சொல்லுத. நீ பாடம் நடத்துனவளா இல்லையா? நான் செய்யமாட்டேன். இன்னைக்கும் மத்தியானம் வாசிப்புதான் நடந்துச்சு. நாளைக்கு ஞாயிறு. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தாலும் வாசிப்புதான்.

பிளாரன்ஸ்


உடன்குடி
20 ஜனவரி 2025

அக்கா,

பொங்கலுக்கு உங்களுக்கென்று கருப்பட்டி எடுத்து வைத்தேன். உங்கள் கடிதம் வந்ததும் கோபத்தில் அதை என் மாமியாருக்கே கொடுத்துவிட்டேன்.

நீங்கள் ஒரு வகுப்பைப் பார்க்கிறீர்கள். எனக்கு மொத்த வட்டாரமும். மாதாமாதம் மாவட்ட ஆபீசில் பெரிய திரையில் பட்டியல் போடுகிறார்கள். கீழே இருக்கிற வட்டாரம் சிவப்பில் எரியும். அந்த வட்டார அலுவலர் எழுந்து நிற்க வேண்டும். போன மாதம் நான்தான் நின்றேன். "உங்க டீச்சர்ஸ் எல்லாம் தூங்குறாங்களாம்மா?" என்று கேட்டார்கள். சிரித்தார்கள் அக்கா. அவ்வளவு பேருக்கு முன்னால் நின்றுகொண்டு, எங்கள் சிப்பித்துறையில் ஒரு பிள்ளை விரல் வைத்து வாசிக்கிறாள் என்று சொன்னால் எடுபடுமா?

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மற்ற பள்ளிகள் என்ன செய்யப் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். மெதுவாகப் படிக்கிற நாலைந்து பிள்ளைகளை அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள். காய்ச்சல், பாட்டி வீடு, ஏதோ ஒன்று. வராதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். சராசரி ஏறிவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. நானும் கேட்கமாட்டேன்.

ஒரே ஒரு நாள். ஜெமிமா ஒரு நாள் வீட்டில் இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கும், மறுநாளிலிருந்து அவளும் அங்கேயே படிக்கலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? யோசித்துப் பாருங்கள்.

ப்ரியா


சிப்பித்துறை
29 ஜனவரி 2025

ப்ரியா,

உன் கடிதத்தப் படிச்சிட்டு உண்மையச் சொன்னா நானும் யோசிச்சேன். ரெண்டு நாள் யோசிச்சேன். ஒரு நாள்தானேன்னு எனக்கும் தோணுச்சு. பள்ளிக்கூடம் போயிட்டா என் வீம்ப வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு இருந்துச்சு.

நேத்து பள்ளிக்கூடம் விட்ட பெறகு ஸ்டெபி வந்தா. உப்பள வேலைக்குப் போட்டுட்டுப் போற பழைய சாக்ஸோட அப்படியே வந்துட்டா. வகுப்புக்குள்ள வரல, வாசல்ல நின்னா. "டீச்சர், பரீட்சை அன்னைக்கு எம்பிள்ளைய அனுப்பல. நீங்க கேக்கச் சங்கடப்படுவீங்க, அதான் நானே சொல்லிருவோம்னு வந்தேன்"ன்னா. யாருளா உங்கிட்ட சொன்னதுன்னு கேட்டேன். ஹைவேக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லுதாங்களாம். "எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேணும்லா டீச்சர், இவ ஒருத்தியால போயிறக்கூடாது"ன்னா.

ப்ரியா, அவ அழல. அதுதான் எனக்குத் தாங்கல. மீன் வெல கேக்குற மாதிரி சாதாரணமாச் சொல்லிட்டுப் போறா.

இன்னைக்குக் காலையில ஜெமிமா எங்கிட்ட வந்து மெதுவா, "டீச்சர், எனக்கு இருவதாம் தேதி காய்ச்சல் வரும்"ன்னா. மூணு வாரத்துக்கு அப்புறம் வரப்போற காய்ச்சல! நான் பாத்ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். யாருக்கு என்ன நஷ்டம்னு கேட்டேல்லா? இதான். பத்து வயசுப் பிள்ள, தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தா பள்ளிக்கூடத்துக்குக் கேடுன்னு நம்புது. நம்ம பாடத்துலயே இதுதான் அவ ஒழுங்காப் படிச்ச பாடம்.

யோசிச்சது போதும். இருவதாம் தேதி ஒரு பிள்ள வீட்டுல இருக்காது. நீங்க அனுப்புற வினாத்தாள் கட்ட நான் பிரிக்கப் போறதும் இல்ல. இதத் தலைமையாசிரியர் லெட்டர்பேடுல எழுதி உன் ஆபீசுக்கும் மாவட்டத்துக்கும் ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். கரையோரத்துல இன்னும் மூணு பள்ளிக்கூடத்துக்காரங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க, இனிகோ சாரும் உண்டு. எங்க பிள்ளைக என்ன படிச்சிருக்குன்னு தெரியணுமா, வந்து உக்காந்து கேளுங்க. ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டும். கணக்குப் போட்டுக் காட்டும். நாள் பூராவும் கேளுங்க.

பிளாரன்ஸ்


உடன்குடி
8 பிப்ரவரி 2025

அக்கா,

ஆபீசிலிருந்து உங்களுக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோ வந்திருக்கும். கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையதுதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். 17பி நிரூபணம் ஆனால் பென்ஷன் வரைக்கும் கை வைப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் சங்கத்தில் எத்தனை பேருக்கு நீங்களே மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்!

இனிகோ சார் நேற்று ஆபீசுக்கு வந்தார். கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வீட்டு லோன், மகள் காலேஜ், என்ன செய்ய மேடம் என்றார். மற்ற இருவரும் போனிலேயே முடித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் அம்மா தவறிய அன்று நான் சிப்பித்துறைக்குப் புதுசு. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எல்லா வள்ளமும் கரையில் கிடக்கிறது. கடலில் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் ஒரு சாவு என்றால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போகமாட்டோம் என்று மனுவேல் அண்ணாச்சி சொன்னார். உங்கள் அம்மாவை ஒருமுறைகூடப் பார்க்காத நான் அந்தக் காலிக் கடலைப் பார்த்துத்தான் அழுதேன். அப்படி ஒருவருக்கொருவர் நிற்கிற ஊர் உங்களுடையது. நம் டிபார்ட்மென்ட் அப்படி இல்லை அக்கா. இங்கே உங்களுக்காக ஒரு வள்ளமும் கரையில் நிற்காது. தயவு செய்து இறங்கி வாருங்கள்.

ப்ரியா


சிப்பித்துறை
13 பிப்ரவரி 2025

ப்ரியா,

மெமோ வந்துச்சு. பதில் எழுதி அனுப்பிட்டேன். "குற்றச்சாட்டை மறுக்கிறேன்"னு எழுதல. "ஆம், பிரிக்கமாட்டேன்"னு எழுதிட்டேன். சங்கத்துல கேட்டு வாயப் பொளந்துட்டாங்க, கோட்டி பிடிச்சிட்டுன்னு.

இனிகோ சார வையாத. பாவம், அவர் என் வீட்டுக்கும் வந்தாரு. காப்பிய வாயில வைக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாரு. அவருக்கு வீட்டு லோன் இருக்கு. எனக்குக் கட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல, என் மவன் கப்பல்ல இருக்கான், நான் இதுல துணிஞ்சு இறங்கலாம். முடிஞ்சவங்க இறங்கணும்.

பயமா இருக்கான்னு நீ கேக்கல, நானே சொல்லுதேன். பயந்தான். ராத்திரி உறக்கம் வரமாட்டங்கு. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு சிவப்பு மை வாங்காம வேல பாத்தவ. ஆனா அந்தப் பிள்ள காய்ச்சல் வரும்னு சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. அது நின்னாத்தான் எனக்கு உறக்கம்.

ஸ்டெபி வீட்டுக்குப் போயி சண்ட போட்டுட்டு வந்தேன். பிள்ளைய அனுப்பலைன்னா நானே வந்து இடுப்புல தூக்கிட்டுப் போவேன்னு சொல்லிட்டேன். நான் பேசுனது ஊருக்கே கேட்டிருக்கும். மனுவேல் அண்ணாச்சி ரோட்டுல மறிச்சு என்ன ஏதுன்னு கேட்டாரு. ஊர்க் கமிட்டித் தலைவர்லா, சொல்லாம முடியாது. சொன்னேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு.

நீ முடிஞ்சா அன்னைக்கு வா. ஆபீசரா வரணும்னா ஆபீசரா வா. வாசிக்கிற பிள்ள நடுவுல நின்னுட்டா யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு இந்த வகுப்புல நீ ஒரு சட்டம் வச்சேல்லா? அது இன்னும் இருக்கு. நீ வச்சதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் சொல்லல, கோபத்துல.

பிளாரன்ஸ்


உடன்குடி
23 பிப்ரவரி 2025

அக்கா,

வியாழக்கிழமை நடந்ததில் நீங்கள் பார்க்காதது கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் வகுப்புக்குள் இருந்தீர்கள். நான் வெளியே இருந்து வந்தவள்.

என் கைப்பையில் உங்கள் சஸ்பென்ஷன் ஆர்டர் இருந்தது. முந்தின நாளே மாவட்டத்திலிருந்து கொடுத்துவிட்டார்கள். கட்டைப் பிரிக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே கையில் கொடுத்துவிட்டு, நானே பிரித்துத் தேர்வை நடத்த வேண்டும். ஜீப்பில் வரும்போது அதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்குள் திரும்பியதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். எல்லா வள்ளமும் கரையில். கடலில் ஒன்றுகூட இல்லை. உங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மெமோ அனுப்பி நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன் அக்கா. ஸ்கூல் வாசலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது, ஆண்களும் பெண்களும். மனுவேல் அண்ணாச்சியைப் பிடித்து, "யாரு செத்தது அண்ணாச்சி? அக்காவா?" என்று கேட்டேன்.

"இன்னும் யாரும் சாகல டீச்சர்" என்றார். "பள்ளிக்கூடம் செத்த பெறகு கடலுக்குப் போகாம இருந்து என்ன பிரயோசனம்? அதான் இன்னைக்கே இருக்கோம்."

மேடம் என்று சொல்லவில்லை. டீச்சர் என்றார்.

அதற்குப் பிறகு உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளையாக வாசித்தார்கள். ஜன்னல் முழுக்கத் தலைகள். ஜெமிமா எழுந்து "தொழிற்சாலை" என்ற சொல்லில் நின்றுவிட்டாள். ஒரு பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஜன்னலில் நின்றவர்களும் திறக்கவில்லை. என் வாய்க்கு வந்துவிட்டது, நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் விரலைப் பின்னால் கொண்டுபோய், முதலிலிருந்து வந்து, அந்தச் சொல்லைத் தாண்டினாள். ஸ்டெபி வெளியே முகத்தை மூடிக்கொண்டாள். நாலு வட்டத்தில் எந்த வட்டத்தில் அதைக் கறுப்பாக்குவது?

கட்டை முத்திரையோடு திரும்ப வாங்கிக்கொண்டு, "பிரிக்கப்படவில்லை. பிள்ளைகளின் வாசிப்பை நேரில் கேட்டேன். நிறைவு" என்று பார்வைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆர்டர் பையிலேயே இருந்தது. உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். சொன்னால் அழுதிருப்பேன்.

ப்ரியா


சிப்பித்துறை
4 மார்ச் 2025

ஏ ப்ரியா,

செருப்ப விட்டுட்டு ஓடி வந்தியாக்கும்! ஆபீசரம்மா வெறுங்காலோட மணல்ல வந்தாங்கன்னு ஊர்ல சொன்னாங்க, நான் நம்பல. உன் நம்பர பிளாக்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா கூப்பிடாத, உன் போன இப்பம் யாரு பாக்காங்களோ.

எனக்கு ஊர் கடலுக்குப் போகாதது காலையிலதான் தெரியும். முந்தின நாளே கமிட்டி கூடிப் பேசியிருக்காங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஒரு நாள் பொழப்ப விட்டுட்டு உக்காந்துருக்கீங்களே, நான் கேட்டேனான்னு அண்ணாச்சிகிட்ட சத்தம் போட்டேன். "ஒனக்காக இல்ல போ"ன்னாரு.

சஸ்பென்ஷன் ஆர்டர் சனிக்கிழமை தபால்ல நேரா வந்துட்டு. நீ குடுக்காததுனால நிக்கல. நான் பள்ளிக்கூடத்துக்குள்ள போகக் கூடாதாம். வாசல்ல நிக்கக் கூடாதுன்னு அதுல எழுதலலா? காலையில மணி அடிக்கிற வரைக்கும் வெளிய நிக்கேன். எனக்குப் பதிலா புதுசா வந்திருக்குற டீச்சர் நல்ல பிள்ள, வாசிப்ப நிறுத்தல.

இன்னொண்ணு. இனிகோ சார் அன்னைக்கு மத்தியானமே அவர் பள்ளிக்கூடத்துக் கட்ட அப்படியே கொண்டுபோயி உன் ஆபீஸ்ல வச்சிட்டாராம். ஊர் கரையில இருக்குன்னு கேள்விப்பட்டதும் கையி ஓடலையாம். வந்து ரெண்டு காப்பி குடிச்சிட்டுப் போனாரு.

இணைப்பு உத்தரவு இன்னும் வரல. வந்தா அன்னைக்கும் கடலுக்குப் போகமாட்டோம்னு அண்ணாச்சி மாவட்ட ஆபீசுக்கு எழுதியே குடுத்துட்டாரு.

பிளாரன்ஸ்


உடன்குடி
15 மார்ச் 2025

அக்கா,

நேற்று எனக்கும் வந்துவிட்டது. 17பி. "மேலதிகாரியின் ஆணையை உரியவரிடம் வழங்கத் தவறியது, தேர்வை நடத்தாமல் திரும்பியது, பதிவேட்டில் தன்னிச்சையாகக் குறிப்பு எழுதியது." படித்துவிட்டு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் இன்னொரு முறை வரி வரியாகப் படித்தேன். நான் எத்தனையோ பேருக்கு இதை அனுப்பியிருக்கிறேன், வாங்கியதில்லை.

பதினைந்து நாளில் பதில் கொடுக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் ஒரு பதில் எழுதிக் கொடுத்தார். உடல்நிலை சரியில்லை, மயக்கம் வந்தது, கூட்டம் அதிகமாக இருந்ததால் பயந்துவிட்டேன் என்று. காய்ச்சல் என்றுகூடப் போட்டிருந்தார். அந்த வரியைப் படித்ததும் தாளைக் கிழித்துவிட்டேன்.

மெமோவுக்குப் பதில் எழுதுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். கருப்பட்டி தனியாகப் பார்சலில் வருகிறது, இந்த முறை மாமியாருக்குக் கொடுக்கவில்லை.

ப்ரியா


சிப்பித்துறை
19 மார்ச் 2025

ப்ரியா,

கருப்பட்டி வந்துட்டு. பாதிய ஸ்டெபி வீட்டுக்குக் குடுத்துட்டேன்.

பதில் சுருக்கமா எழுது. நீட்டுனா பயந்துட்டோம்னு நினைப்பாங்க. "பணிந்து சமர்ப்பிக்கிறேன்"ன்னு ஆரம்பிக்காத. மன்னிப்புன்னு ஒரு வார்த்த எங்கயும் வரக் கூடாது. உடம்பு சரியில்லன்னு எழுதாத, உனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. அந்த மணல்ல அந்த ஓட்டம் ஓடியிருக்க.

கட்ட ஏன் பிரிக்கலன்னு கேப்பாங்க. ஜெமிமா வாசிச்சது, நின்னது, மறுபடி வாசிச்சது, அத மட்டும் எழுது. உனக்குத் தெரிஞ்ச தமிழ்ல எழுது, ஆபீஸ் தமிழ் வேண்டாம்.

பதிலோட தேர்வு நாள் படிவமும் வைக்கச் சொல்லியிருப்பாங்க; அதுல கடைசியில கையெழுத்துக்கு மேல, தேர்வு நாளில் வராதவர்கள்னு அவங்க கேக்குற கட்டம் ஒண்ணு இருக்கும்லா, அத வெறுசா விடாத. நல்ல பெரிய எழுத்துல நிரப்பு.

"யாரும் இல்லை."

உன் அக்கா
பிளாரன்ஸ்